சுத்தியல் கேட்டால் நித்திரை கொள்ளலாம்

பேர்ன் நகரத்தில் முதல் நாள் காலையே மாமா ரெஹேமா தெருவில் நின்றுவிட்டா. நடுத்தெருவில் ஒரு கல்தொட்டி. அதன் நடுவில் வர்ணம் பூசிய சிலை. சிலையின் காலடியில் குழாய். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்க ஒரு வாளியும் இல்லை, ஆளும் இல்லை.

"ஃபுண்டி, இதை ஆர் பூட்ட மறந்தது?"

"பூட்டுறதில்லையாம்."

"இரவிலயுமோ?"

"இரவிலயும்."

கையை ஏந்திக் குடித்தா. முகத்தைத் துடைத்தா. "தண்ணி நல்லம். பழக்கம்தான் சரியில்லை" என்றா.

எங்களுக்குள் சுவாகிலியில்தான் பேச்சு. இங்கே தமிழில் எழுதுகிறேன். மாமா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. ஃபுண்டி என்றால் கைவேலைக்காரன். தன்சானியாவில் எனக்கு வேறு பேர் இல்லை. யாழ்ப்பாணத்தில் தோட்டக் கிணறுகளுக்கு இறைக்கிற மெசின் திருத்தினவன் நான். ஒரு கொன்ட்ராக்காரரோடு ஆபிரிக்காவுக்குப் போனேன். கொன்ட்ராக் முடிந்த பிறகும் திரும்பவில்லை. சுவிஸ்காரர் கிராமங்களுக்குக் கைப்பம்ப் போட்டுக்கொடுக்கிற திட்டத்தில் வேலை கிடைத்தது. தெற்கே ஒரு சின்னப் பட்டணத்தில் உதிரிப்பாகக் கடை. தேய்ந்தால் மாற்றுகிற வாசர், தடி, குழாய் எல்லாம் அங்கே. கடைக்கு நான் பொறுப்பு.

மாமா ரெஹேமா அந்த றோட்டில் உள்ள ஒரு ஊரின் பம்ப் கமிட்டித் தலைவி. பம்ப் வர முதல் அந்த ஊரார் குளத்துத் தண்ணீர் குடித்தார்கள். அந்தக் குளத்துக்கு அவ ஒரு பிள்ளையைக் கொடுத்தவ. அதைப்பற்றி ஒரு தரம்தான் சொன்னா. நானும் பிறகு கேட்கவில்லை.

இனி இந்தத் திட்டத்தை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று பேர்னில் கூட்டம். ஊராரில் ஒருவரும் வரவேணும் என்றார்கள். மாமாவைத் தெரிந்தெடுத்தார்கள். "பம்ப்காரன் வந்தால் வாறன்" என்று அவ சொல்லிவிட்டா. அப்படித்தான் நான் சுவிசைப் பார்த்தேன்.

வெயில் காலம் என்றார்கள். எங்களுக்குக் குளிர். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு அவித்த முட்டையைக் கிண்ணத்தில் நட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் குட்டிக் கரண்டி. மாமா முட்டையை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டி, உரித்து, இரண்டு வாயில் முடித்தா. பக்கத்து மேசைக் கிழவர் எங்களைப் பார்த்தார். பிறகு தன் முட்டையையும் அப்படியே தட்டினார்.

வெள்ளிக்கிழமை முதல் கூட்டம். சுவரில் பெரிய வரைபடம். எங்கள் மாகாணம். ஊருக்கு ஊர் குண்டூசி. பச்சை என்றால் பம்ப் வேலை செய்கிறது. சிவப்பு என்றால் பழுது. வெள்ளை என்றால் தகவல் இல்லை.

வெள்ளைதான் கூடுதல். மாமாவின் ஊரும் வெள்ளை.

"என்ரை ஊருக்கு ஏன் வெள்ளை?" என்று கேட்டா. நான் இங்கிலிசில் சொன்னேன். ஒரு பெண் அதை ஜெர்மனில் சொன்னா. ஒரு சொல் மூன்று சட்டை மாற்றித்தான் அந்த மேசையில் ஏறியது.

கூட்டத் தலைவர் மெலிந்த மனிதர். ஆறுதலாகக் கதைப்பவர். "உங்கள் ஊரிலிருந்து அறிக்கை வரவில்லை, அம்மா."

"தண்ணி வருகுதே."

"எங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

மாமா தங்கள் முறையைச் சொன்னா. றோட்டோரம் ஒரு மாமரம் நிற்கிறது. பம்ப் இழுக்கக் கஷ்டமானால் பெண்கள் அந்த மரத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். பஸ் ட்ரைவர் காண்பான். பட்டணத்துக்கு வந்து கடையில் சொல்வான். ஃபுண்டி வாசரை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போவான். அந்த றோட்டில் மற்ற ஊர்களும் அப்படித்தான்.

தலைவர் கவனமாகக் கேட்டார். பிறகு வரைபடத்தில் ஒரு சிவப்பு ஊசியைத் தொட்டார். "இந்த ஊரும் உங்கள் றோட்டில்தான். மழைக்கு முன்னமே பம்ப் நின்றுவிட்டது. மழை முடிந்து எங்கள் ஆள் போய்த்தான் கண்டார். மரத்தில் துணி இல்லை."

உண்மைதான். எங்களுக்கும் தெரியும். அந்த ஊரில் துணி கட்டுகிற பெண் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். மற்றவர்கள், யாரோ கட்டுவார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

"துணி இல்லையென்றால் பம்ப் நல்லாக இருக்கிறதா? அல்லது கட்ட ஆள் இல்லையா? இரண்டும் பார்க்க ஒன்றுதானே, அம்மா."

மாமா எழும்பிப்போய் அந்தச் சிவப்பு ஊசியைத் தானும் தொட்டுப் பார்த்தா.

தலைவரின் யோசனை இது. தலைநகரில் ஒரு கண்காணிப்பு அலுவலகம். ஜீப்புகள். மூன்று மாதத்துக்கொருக்கா ஆள் வந்து பார்ப்பார். உதிரிப்பாகமும் தலைநகரிலேயே இருக்கும். பட்டணத்துக் கடை பூட்டப்படும். மழை காலத்தில் தலைநகரிலிருந்து எங்கள் றோட்டுக்கு லொறி வராது. வாசர் வரும் வரைக்கும் ஊர் திரும்பக் குளத்துக்குத்தான் போகும். இது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஊர்ஸுக்கும் தெரியும். ஊர்ஸ் எங்கள் பம்ப் எஞ்சினியர். சுவிஸ்காரன், நல்ல பெடியன். விடுமுறைக்கு வந்தவன், கூட்டத்திலும் இருந்தான். அவன் சொல்லிப் பார்த்தான். "கேள்விக்குப் பதில் வேணும், ஊர்ஸ்" என்றார் தலைவர். முடிவு திங்கட்கிழமை என்று எழும்பினார்கள்.

திரும்பி வருகிற வழியில் அந்தக் குழாய் ஊற்றிக்கொண்டு நின்றது. மாமா அதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பேர்னை ஒட்டின ஓஸ்டர்முண்டிகனுக்குப் போனோம். என் ஊர்ப் பெடியன் சிவம் அங்கே இருந்தான். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறான். ஒரு வீட்டில் ஐந்தாறு பெடியள். வாசலில் சப்பாத்து மலை.

"அண்ணை, வாங்கோ! ஊரிலயிருந்து எல்லாரும் அகதியா வாறாங்கள். நீங்கள் ஒராள்தான் ஆபிரிக்காவிலயிருந்து மீட்டிங்குக்கு வாறியள்" என்றான். பிறகு மெதுவாக, "இவ ஆர்?"

"மாமா ரெஹேமா."

"மாமாவோ? எனக்கு மாமி மாதிரியெல்லோ இருக்கு!"

பெடியள் சிரித்தார்கள். என்னவென்று மாமா கேட்டா. சொன்னேன். எல்லாரிலும் அவதான் கடைசி வரைக்கும் சிரித்தா. முந்தின நாள் முழுக்க அந்தச் சிரிப்பு இல்லை.

புட்டு, தகரப் பேணியில் வருகிற ரின்மீனில் குழம்பு, ஏதோ ஒரு சுவிஸ் கீரையில் வறை. மாமா கையைக் கழுவிக்கொண்டு தரையில் சப்பாணி கட்டி இருந்தா. பேர்னில் கத்தியோடும் முள்ளோடும் மல்லுக்கட்டின கை அது. புட்டைக் குழம்பில் உருட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி வைத்து, அதில் மீனை அள்ளினா. அங்கத்தைய சோளமாக் களி, உகாலி, சாப்பிடுகிற முறை. சிவமும் அப்படி உருட்டிப் பார்த்தான். உதிர்ந்துவிட்டது.

"கைப்பழக்கம் காணாது, தம்பி" என்றா. அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுக்கு நடுவில் சிவம் கீழே தபால்பெட்டிக்குப் போனான். வெறுங்கையோடு வந்தான். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். ஏன் என்று மாமா கேட்டா.

"வீட்டுக் கடிதம் பாக்கிறன். வந்தா எல்லாரும் இருக்கினம் எண்டு தெரியும். என்ன எழுதியிருக்கெண்டு பிறகுதான் வாசிப்பன். வராட்டித்தான் யோசினை" என்றான்.

நான் அதைச் சொன்னேன். மாமா அவன் தலையில் கை வைத்தா. போகும்போது சிவம் தன் தடித்த குளிர்கோட்டை அவவுக்குப் போட்டுவிட்டான். "மாமிக்குக் குளிருது" என்றான்.

ஞாயிறு ஊர்ஸின் தாய் வீட்டில் மதியச் சாப்பாடு. வலே மாகாணத்தில், மலை மேல். அவன் முதலே போய்விட்டான். நாங்கள் ரயிலில் போனோம். ரயில் மலைக்குள் நுழைந்தது. லேசில் வெளியே வரவில்லை. மாமா பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு என் சட்டையைப் பிடித்தபடி இருந்தா. வெளியே வந்தால் வெயில். அடியில் பள்ளத்தாக்கு. "ஒரு வீட்டின் கூரையில் மற்ற வீட்டின் வாசல்" என்றா. அப்படித்தான் இருந்தது.

அங்கிருந்து மஞ்சள் நிறத் தபால் பஸ். வளைவுக்கு வளைவு மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிக்கும். மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. ஒவ்வொரு தரமும் கூடவே பாடினா. நான் ஊர்ப் பேர் எழுதின துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொண்டக்டரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் அவன் கத்துவான். தன்சானியாவில் தகரத்தில் தட்டுவான். இங்கே கொண்டக்டரே இல்லை. இறங்குகிற ஆள்தான் பொத்தானை அமத்தவேணுமாம். அமத்தாவிட்டால் பஸ் நிற்காது. எங்களுக்கு யார் சொன்னார்? ஊர்ஸின் ஊர் யன்னலுக்குள்ளால் போனது. போன பிறகுதான் பேரை வாசித்தேன்.

றோட்டு முடிகிற இடத்தில் பஸ் நின்றது. ட்ரைவர் துண்டைப் பார்த்தார். கீழே கையைக் காட்டிச் சிரித்தார். அடுத்த பஸ் பின்னேரம் என்று மணிக்கூட்டில் காட்டினார். முன்னால் இருந்த கடையில் ஊர்ஸுக்கு டெலிபோனும் எடுத்துத் தந்தார். "அங்கேயே நில்லுங்கோ, கார் எடுத்துக்கொண்டு வாறன்" என்றான் அவன்.

நின்றோம். அப்போதுதான் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து, டக். மரத்தில் மரம் அடிக்கிற சத்தம்.

மாமா சத்தத்தைத் தேடி நடக்கத் தொடங்கிவிட்டா. நான் பின்னால் போனேன். மலைச் சரிவில் ஒரு சின்ன வாய்க்கால். பாறையில் வெட்டியது. பாறை வெட்ட முடியாத இடத்தில் மரத்தைக் குடைந்த பீலி. மேலே பனிமலையிலிருந்து தண்ணீர் வந்து கீழே உள்ள புல்வெளிகளுக்குப் போகிறது. அந்த வாய்க்காலில் ஒரு சின்னச் சில்லு, மரச் சக்கரம். தண்ணீர் சில்லைச் சுழற்றுகிறது. சில்லு ஒரு மரச் சுத்தியலைத் தூக்கிப் பலகையில் போடுகிறது. டக்.

"இது என்னத்தை இடிக்குது?" என்றா மாமா. மா இல்லை, தானியம் இல்லை. சும்மா பலகை.

ஒரு மனிதர் மண்வெட்டியோடு வந்தார். அலோய்ஸ் என்று நெஞ்சில் தட்டினார். வாய்க்காலுக்குக் காவல் அவர்தான். அவர் பாஷை எங்களுக்கு இல்லை. எங்கள் பாஷை அவருக்கு இல்லை. கையால் சொன்னார். சுத்தியலைக் காட்டினார். காதைக் காட்டினார். கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடினார். குறட்டை விட்டார். டக். குறட்டை. டக். குறட்டை. பிறகு ஒரு விரலைத் தூக்கினார். சத்தம் இல்லை. கண் திறந்தது. துள்ளி எழும்பினார். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுகிற மாதிரிக் காட்டினார்.

எனக்கு விளங்கியது. எங்கேயோ வாய்க்கால் உடைந்தால் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் சில்லு நிற்கும். சத்தம் நிற்கும். சத்தம் கேட்கும் வரைக்கும் அவர் நித்திரை கொள்ளலாம்.

மாமா சிரிக்கவில்லை. "திரும்பக் காட்டு" என்று கையால் கேட்டா.

அலோய்ஸ் இந்த முறை நடிக்கவில்லை. ஒரு பலகையை எடுத்து வாய்க்காலை அடைத்தார். சில்லு நின்றது. சத்தம் நின்றது.

கீழே ஒரு வீட்டில் யன்னல் திறந்தது. ஒரு பெண் தலையை நீட்டிக் கத்தினா. என்ன சொன்னா என்று ஊர்ஸ் பிறகு சொன்னான். அவன் அப்போதுதான் காரை விட்டு இறங்கினான். "அலோய்ஸ், எங்கே உடைஞ்சு போச்சு? நிண்டு பாக்கிறியோ?" அவர் மனைவியாம்.

அலோய்ஸ் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். பலகையை எடுத்தார். டக். யன்னல் மூடியது.

மாமா என் தோளில் அடித்தா. நோகிற அடி. "ஃபுண்டி, நாங்கள் தலைகீழாக் கட்டினம்."

"என்ன?"

"துணியை. பழுதானால் கட்டினம். நல்லா இருக்கேக்கை எல்லோ கட்டவேணும். கடிதம் பாக்கிற அந்தப் பெடியனும் நேற்று இதைத்தானே சொன்னவன்."

ஊர்ஸின் வீட்டில் பாற்கட்டியை நெருப்பில் காட்டி, உருகி வழிகிறதை உருளைக்கிழங்கில் சுரண்டிப் போட்டார்கள். வீடெல்லாம் மணம். "பால் இப்பிடி மணந்தா நாங்கள் ஊத்திப்போடுவம்" என்று மாமா என் காதில் சொன்னா. சொல்லிவிட்டு நாலு தட்டுச் சாப்பிட்டா. ஊர்ஸின் தாய்க்கு நல்ல சந்தோசம். திரும்பி வருகிற ரயிலில் சுரங்கத்துக்குள்ளும் மாமா கதைத்துக்கொண்டே வந்தா. சட்டையைப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை. அதே அறை. அதே வரைபடம். மூலையில் கோட் மாட்டுகிற மரம். மாமா பேச எழும்பினா. நேரே மூலைக்குப் போனா. எல்லாருடைய கோட்டையும் கழற்றி ஒரு கதிரையில் போட்டா. மரத்தை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினா.

"இது என்ரை மாமரம்" என்றா.

பையிலிருந்து இரண்டு துணி எடுத்தா. மஞ்சள், அவவுடைய தலைத்துணி. நீலம், ஹோட்டல் அறையில் தூசி துடைக்கிற துணி. கேட்டுத்தான் எடுத்திருப்பா.

"நீ பஸ் ட்ரைவர்" என்று தலைவரைக் காட்டினா.

நான் கொஞ்சம் மரியாதை கூட்டி இங்கிலிசில் சொன்னேன். தலைவர் எல்லாரையும் பார்த்தார். எழும்பி வந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்தார்.

"ஹோர்ன் அடி."

தலைவர் தபால் பஸ்ஸின் மூன்று சுரத்தையும் வாயால் அடித்தார். அறை முழுக்கச் சிரிப்பு. மாமா மஞ்சளைக் கட்டினா.

"இண்டைக்குச் சந்தை. பெண்கள் பம்பிலை முதல் வாளி பிடிச்சிட்டுத்தான் துணி கட்டுவினம். தண்ணி வந்தால்தான் கட்டு. என்ன நிறம் கண்டாய்?"

"மஞ்சள்."

"போ. அடுத்த சந்தைக்கு வா."

தலைவர் மேசையைச் சுற்றி வந்தார். ஹோர்ன் அடித்தார். மாமா மஞ்சளை அவிழ்த்து நீலத்தைக் கட்டியிருந்தா.

"இப்ப?"

"நீலம். மாறியிருக்கிறது. பம்ப் நல்லம்."

"போ. திரும்ப வா."

திரும்பி வந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றா. துணியைத் தொடவில்லை. மரத்தில் நீலம். தலைவர் ஹோர்ன் அடிக்க வாயெடுத்தவர் நின்றுவிட்டார்.

"அதே நீலம்" என்றார்.

"என்ன செய்வாய்?"

"ஃபுண்டியிடம் சொல்வேன். பம்ப் பழுது, அல்லது பார்க்க ஆள் இல்லை. எதுவென்றாலும் அவர் போகவேணும்."

"ஓம்" என்றா மாமா. "வெள்ளிக்கிழமை நீ கேட்டதுக்கு இதுதான் பதில். நீ கேட்டது சரியான கேள்வி. பதிலை உன்ரை மலையிலதான் கண்டன்."

சுத்தியலின் கதையை ஊர்ஸ் சொன்னான். மேசையில் இருந்த ஒரு வயதானவர், "என் மாமனாரும் வாய்க்கால் காவல்தான்" என்றார். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் ஜெர்மனில் கதைத்தார்கள். மொழிபெயர்க்கிற பெண் கையை விரித்துவிட்டா.

தலைவர் விடவில்லை. பஸ் போகாத ஊர்கள்? "அந்தப் பெண்களும் சந்தைக்கு வருவினம். துணியைக் கையில கொண்டு வந்து கடையில காட்டட்டும்." ட்ரைவர் சொல்ல மறந்தால்? "அவன்ரை மாமியார் என்ரை ஊர். மறந்தால் சோறு கிடையாது." இதற்குத் தலைவரே சிரித்துவிட்டார்.

வெளியே கோப்பி குடிக்க விட்டார்கள். பிறகு கூப்பிட்டார்கள். கடை பட்டணத்திலேயே இருக்கும். தலைநகரில் அலுவலகம் இல்லை. வருசத்துக்கொருக்கா ஒரு ஜீப் வந்து பார்க்கும். "வரட்டும், சாப்பாடு குடுப்பம்" என்றா மாமா.

போகும்போது தலைவர் வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்றார். மாமா வெள்ளை ஊசியைக் காட்டினா. அவர் தலையை ஆட்டினார். "இப்போது இல்லை, அம்மா. இரண்டு நிறமும் மாறி வரட்டும். அன்றைக்கு மாற்றுவேன்."

"சரியான ஆள்" என்றா மாமா. கோபமில்லை. மஞ்சளைத் தலையில் கட்டிக்கொண்டா. நீலத்தை ஹோட்டலில் திருப்பிக் கொடுத்தா. அவர்கள் அதை மடித்து அவவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஊர் வந்து சேர்ந்து முதல் சந்தை. நான் கடை வாசலில் நின்றேன். பஸ் வந்தது. ட்ரைவர் தலையை நீட்டி, "மஞ்சள்!" என்று கத்தினான். அடுத்த சந்தைக்கு, பஸ் வளைவில் திரும்ப முதலே ஹோர்ன் கேட்டது. மூன்று சுரம். பிழையான சுரம்தான். மாமா பழக்கியிருக்கிறா.

"நீலம்!"

இத்தனை காலம் அந்த பஸ் பழுது என்ற சொல்லைத்தான் கொண்டுவந்தது. அன்றைக்கு எடுக்க வாசரும் இல்லை, ஓட வேலையும் இல்லை. கடைக் கதிரையில் இருந்து ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு தபால் கந்தோருக்கு நடந்துபோய் பேர்னுக்குத் தந்தி அடித்தேன். மஞ்சள், நீலம். அவ்வளவுதான்.

தலைவரிடமிருந்து மறுமொழி வந்தது. அது இன்னும் கட்டை. ஒரே சொல்.

பச்சை.